வேண்டாம் என்று சொன்னவன்

யாரோ நீந்தி வருகிற சத்தம். கடலில் ஒருவரையும் காணோம்.

உண்ட களைப்பில் தீவு முழுக்க ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு தூங்குகிற மத்தியானம். கூழாங்கல் கரை தோசைக்கல்லாகக் காய்ந்துகிடக்க, வடகாற்றில், கடலில் இறங்காதே என்கிற சிவப்புக் கொடியின் கயிறு கம்பத்தில் அடித்துக்கொண்டே இருக்க, பைன் பிசின் வாடையும் அக்கா கடையில் மீன் பொரித்த எண்ணெய் வாடையும் கலந்து மூக்கில் ஏற, உயரமான காவல் நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தான் ஸ்டமாட்டிஸ். கடலில் குளிப்பவர்களைக் காக்கச் சம்பளம் வாங்குகிறவன். கை வீசி, மூச்சு வாங்கி, மறுபடி கை வீசி, அது கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

காலையில் அக்கா அர்கிரோவிடம் இந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லிப் பார்த்தான். தட்டு கழுவியபடியே அவள் திட்டினாள்.

"வேண்டாம்னு நீ சொன்னியா இல்லியா? சொல்லியும் கேக்காமப் போனா அது அவ தலையெழுத்து. நீ ஏன்டா பேயறைஞ்சவன் மாதிரி திரியுற?"

சொன்னான்தான். போலீஸாரிடமும் அதையேதான் சொன்னான்.

போன வாரமும் இப்படித்தான், சிவப்புக் கொடி பறந்த மத்தியானம். பாஷை தெரியாத வெளிநாட்டுப் பெண் ஒருத்தி கணுக்கால் தண்ணீரில் நின்று, தூரத்துப் பாறையைக் காட்டி, போகலாமா என்று சைகையில் கேட்டாள். அவன் வாய் நிறையத் தர்பூசணி. 'ச்சு' கொட்டி மோவாயை மேலே தூக்கினான். அந்தத் தீவில் கைக்குழந்தைக்கும் தெரியும், அது 'வேண்டாம்'. அவளுக்கோ அது 'போயேன்' என்று பட்டிருக்கிறது. சிரித்தாள், கையசைத்தாள், போய்விட்டாள்.

அந்தச் சிரிப்பிலேயே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதைத்தான் அவன் யாரிடமும் சொல்லவில்லை. விசில் கழுத்தில்தான் தொங்கியது. பழத்தைத் தின்றுவிட்டு எழுந்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டான், பாவி. அவள் உடல் இன்னும் கரை சேரவில்லை.

சத்தம் நின்றது. மரங்களில் ஓயாமல் கத்திய சில்வண்டுகளும் நின்றன.

கரையில் ஈரப் பாதம் ஒன்று பதிந்தது. அடுத்து இன்னொன்று. கொதிக்கிற கல்லில் அவை காயவில்லை. நாற்காலியின் ஏணி முனகியது. அழுகிய கடற்பாசி நாற்றம். பின்கழுத்தில் ஒரு சொட்டு நீர்.

அப்போதுதான் மரங்களுக்கிடையிலிருந்து வெளிநாட்டுக்காரன் ஒருவன் வந்தான். தோளில் அவனுடைய சின்ன மகள். கொடியைப் பார்த்தான். தயங்கினான். பாறையைக் காட்டி, போகலாமா என்று ஸ்டமாட்டிஸிடம் சைகை செய்தான்.

இந்தத் தடவை விடக்கூடாது. கத்த வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. விசிலுக்குக் கை போனது. பாதியிலேயே மரத்தது.

மன்னிச்சிடும்மா, என்னை என்ன வேணா செய், அந்தக் குழந்தைய விட்டுடு என்று மனசுக்குள் கெஞ்சினான்.

மோவாய்க்கு அடியில் ஒரு விரல். சில்லென்று. ஊறிப்போய், தோல் வழுக்குகிற விரல்.

மெல்ல அழுத்தியது.

அவன் தலை மேலே போயிற்று. காதோரம் யாரோ 'ச்சு' கொட்டினார்கள்.

கீழே தகப்பன் சிரித்தான். தண்ணீருக்குள் இறங்கினான். முழங்கால். இடுப்பு. மார்பு. அவன் தோளில் உட்கார்ந்த குழந்தை, ஸ்டமாட்டிஸைத் திரும்பிப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே இருந்தது.