மண்கரையில் நிற்கிறவர்

"அதைத் தொடாதீங்க."

கல்லாவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தபோது லோர்னாவின் விரல் அந்தப் பழைய பைனாகுலரின் தோல்வாரில் இருந்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். அப்புறம்தான் கோபம் வந்தது. அவள் என்ன, திருட வந்தவளா...

"விக்கிறதுக்கு இல்லேன்னா எதுக்குக் கொக்கியில மாட்டி வெச்சிருக்கீங்க?"

"பக்கத்துல இருக்கட்டும்னுதான்."

"அப்ப கழுத்துலயே மாட்டிக்க வேண்டியதுதானே. கொக்கியாவது மிச்சமாகும்."

கடைக்காரன் என்றால் இதற்குச் சிரித்திருக்க வேண்டும். இவன் சிரிக்கவில்லை. இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். சாம்பல் நிறக் கண்கள்... வெளியே ஏரியின் மேல் கிடந்த மூடுபனியில் கொஞ்சம் உள்ளே புகுந்து அங்கே தங்கிவிட்டது போல. சட்டையில் குத்தியிருந்த அட்டையில் எம்மெட் என்று மட்டும் இருந்தது.

மே மாதம். தெற்கிலிருந்து வரும் சின்னஞ்சிறு பறவைகள் எரி என்கிற அந்தப் பெரிய ஏரியைத் தாண்டுவதற்கு முன் இந்தச் சதுப்பில்தான் இறங்கி இளைப்பாறும். அவற்றைப் பார்க்க ஒஹையோ முழுவதும் இங்கே திரண்டு வரும். மற்ற நாளாக இருந்தால் கடையில் கால் வைக்க இடமிருக்காது. இன்று மூடுபனி, பறவையும் இல்லை, ஆளும் இல்லை. நாணலுக்குள் ஏதோ ஒரு கொக்கு மட்டும், பழைய அடிகுழாயை அடிப்பது போல விட்டுவிட்டுக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது.

"யாருக்கு வாங்குறீங்க?"

"எங்கப்பாவுக்கு. பொறந்த நாள் வருது. அவர் பைனாகுலரைத் தொட்டே ரொம்ப வருஷமாச்சு. நல்லதா ஒண்ணு கையில குடுத்தா மறுபடி வெளிய வருவாரோன்னு..."

மீதியை அவள் சொல்லவில்லை. அப்பா பின்னறையில் திரையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே ஒரு குருவி கத்தினால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்த அறையிலேயே, அந்த நாற்காலியிலேயே அவர் காலம் முடிந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

எம்மெட் மூன்று நான்கு பெட்டிகளை எடுத்துக்கொண்டு அவளைக் கடையின் பின்பக்கத்து மரமேடைக்கு அழைத்துப் போனான். சதுப்பைப் பார்த்த மேடை. அங்கே நின்று பார்த்துவிட்டுத்தான் யாரும் வாங்குவார்கள்.

அவள் பெரியதாக ஒன்றை எடுத்தாள். "பன்னெண்டு மடங்கு பெரிசாக் காட்டுமாமே. இதுதான் நல்லதா?"

"பெரிசாக் காட்டும். அப்பாவுக்குக் கை நடுங்கினா நடுக்கத்தையும் சேத்துப் பெரிசாக் காட்டும். எட்டு மடங்கு போதும்."

"விலை ஜாஸ்தியா இருக்கிறதை வேண்டாங்கறீங்க. இந்தக் கடை உங்களுது இல்ல போலிருக்கே."

"இல்ல. சீசனுக்கு வந்திருக்கேன். ரெண்டு கண்ணுக்கும் நடுவுல எவ்வளவு இடம்னு பாக்கணும். அப்பா வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

"எனக்கும் அவருக்கும் ஒரே முகம். என்னைப் பாருங்க, போதும்."

அவன் பார்த்தான். லேசாகத் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவன் இமையில் ஒரு துளி உட்கார்ந்தது, அவன் துடைக்கவில்லை. இவ்வளவு பக்கத்தில் ஒருவன் தன்னைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று லோர்னாவின் மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. அதட்டி நிறுத்தினாள்.

"பாத்தாச்சா?"

"இன்னும் இல்ல."

"ரெண்டே ரெண்டு கண்ணுதாங்க. எண்ணுறதுக்கு இவ்வளவு நேரமா?"

இந்த முறை சிரித்துவிட்டான். காதுவரை சிவந்து, இன்னொரு பெட்டி கொண்டுவருகிறேன் என்று உள்ளறைக்கு ஓடினான்.

கடைக்குள் திரும்பிய லோர்னாவின் கை தானாக அந்தக் கொக்கிக்குப் போனது. வேண்டாம் என்று சொன்னால் அதைத்தான் செய்வாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பழைய பைனாகுலர் சில்லென்று கனத்தது. ஒருவர் கண்ணுக்குத் திருகி வைத்தது அடுத்தவருக்கு மங்கலாகத்தான் தெரியும். ஆனால் மேடைக்கு வந்து கண்ணில் வைத்த அந்த நொடியில்... அவளுக்கென்றே செய்தது போலத் துல்லியமாகத் தெரிந்தது. மூடுபனியே இல்லாதது போல.

சதுப்புக்குக் குறுக்கே போகும் மண்கரையின் வளைவில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

எம்மெட் பெட்டியோடு வந்தபோது அவள் திரும்பாமலே கேட்டாள். "கரையில யாருங்க அது, இந்த மழையில?"

அவன் பெட்டியை மெல்லக் கீழே வைத்தான். "புதுசுல ஒண்ணை எடுத்துப் பாருங்க."

பார்த்தாள். வளைவு, ஒரு பட்டமரம், பனி. யாரும் இல்லை. மறுபடி பழையதில் பார்த்தாள். நின்றுகொண்டிருந்தார்.

"என்ன தெரியுதுன்னு சொல்லுங்க," என்றான். "நான் முதல்ல வாயைத் திறக்க மாட்டேன்."

அது இந்தக் கரையில் பறவை பார்ப்பவர்களின் பழக்கம். ஒருவர் கண்டது கண்டதாகாது. இரண்டாமவர், கேட்டுச் சொல்லாமல், தானாகப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"மஞ்சள் மழைக்கோட்டு. வயசானவர். வலது கை நேரா மேல... கையில தொப்பி. அசையவே மாட்டேங்கிறார்." அவள் குரல் இறங்கியது. "பனி அவரைச் சுத்திப் போகலை. அவருக்குள்ள போகுது."

எம்மெட் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான். "அப்ப எனக்குப் பைத்தியம் இல்ல," என்றான். "அது எங்கப்பா. போன வருஷம் அந்த வளைவுலதான் செத்து விழுந்து கிடந்தாரு. அவர் சாமானை எடுத்துவைக்க வந்தேன். அவரோட இந்தப் பைனாகுலர்ல பாத்தேன்... நின்னாரு. கையைத் தூக்கி என்னைக் கூப்பிடுறாரு. நேத்து இடுப்பு வரைக்கும் தண்ணிக்குள்ள போயிட்டேன். நான் போகப் போக அவர் உள்ள தள்ளி நிக்கிறாரு."

பாவம், எத்தனை நாளாக இதை மனதிலேயே போட்டுப் புழுங்கியிருக்கிறான். அவள் அவன் தோளில் கை வைத்தாள். "அப்பா பேரு என்ன?"

"ஓரின் பீலர்."

வைத்த கையை எடுத்தாள். "நான் வெர்ஜில் ஹாஸ்கின்ஸ் பொண்ணு."

அவனுக்கும் அந்தப் பகை தெரிந்திருந்தது. இந்த ஏரிக்கரையில் தெரியாதவர் யார். ஒரு குளிர்காலத்தில், இந்தப் பக்கம் வரவே வராத வடதுருவத்து வெள்ளை வல்லூறு ஒன்று இந்தச் சதுப்பில் இறங்கியதாக வெர்ஜில் சொன்னார். கரையின் மறுமுனையில் அவருடைய உயிர்நண்பர் ஓரினும் இருந்தார். பார்த்தாயா என்று ஊரே கேட்டபோது, 'நான் எதையும் பார்க்கலை' என்றார் ஓரின். அவ்வளவுதான். வெர்ஜில் பொய்யர் ஆனார். நிலத்துக்கும் பணத்துக்கும் குடும்பங்கள் அடித்துக்கொள்ளும். இங்கே ஒரு பறவைக்காக இரண்டு குடும்பங்கள் முகம் பார்ப்பதை நிறுத்தின.

"உங்கப்பா எங்கப்பாவை உயிரோட புதைச்சாரு," என்றாள் லோர்னா. "இப்ப அவர் நின்னா என்ன, போனா என்ன." பைனாகுலரை அவன் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

காரில் ஏறி உட்கார்ந்தும் சாவியைத் திருக முடியவில்லை. கண்ணாடியில் மழை வழிந்தது. அந்தச் சாம்பல் கண்கள்... போகட்டும், பீலர் வீட்டுக் கண்கள். ஆனால் அந்தக் கை. நேராக உயர்ந்த கை, அதில் தொப்பி. எங்கேயோ பார்த்த கை.

அவளுக்கு ஐந்தாறு வயதிருக்கும். அதே கரையில் அப்பா அவள் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் கொடுத்து மேலே தூக்கச் சொல்வார். 'தூரத்துல இருந்து கத்தினா பறவை பறந்துடும்டா கண்ணு. நீயும் பாத்துட்டேன்னா தொப்பியைத் தூக்கு. இது எனக்கும் ஓரினுக்கும் மட்டும் தெரிஞ்ச பாஷை.'

லோர்னா காரிலிருந்து இறங்கி ஓடினாள். கடை திறந்து கிடந்தது. மேடையில் யாரும் இல்லை. கரையில் ஓடினாள், சேறு முழங்கால் வரை தெறித்தது. வளைவில், பட்டமரத்துக்கு அப்பால், அவன் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். பைனாகுலர் கண்ணில். இன்னும் ஓரடி எடுத்து வைத்தான்.

"எம்மெட்... அவர் உன்னைக் கூப்பிடலை."

அவன் திரும்பவில்லை.

"அது கூப்பிடுற கை இல்ல. 'நானும் பாத்தேன்'னு சொல்ற கை. எங்கப்பாகிட்ட சொல்லிட்டிருக்காரு. இத்தனை வருஷம் கழிச்சு. நீ தண்ணிக்குள்ள போய் என்ன பண்ணப் போற? வெளிய வா."

நாணல் அசைந்தது, காற்று இல்லை. வெகுநேரம் கழித்து எம்மெட் திரும்பினான். அவள் நீட்டிய கையைப் பிடித்து ஏறியபோது அவன் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. கடை வரைக்கும் அந்தக் கையை இருவருமே விடவில்லை.

வீட்டில் அப்பாவிடம் அவள் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். "ஓரின் தொப்பியைத் தூக்கிட்டு நிக்கிறாரு." கிழவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு குனிந்து நாற்காலிக்கு அடியில் காலணியைத் தேடினார்.

மறுநாள் காலையிலும் பனி விலகவில்லை. மரமேடையில் எம்மெட் பழைய பைனாகுலரை வெர்ஜில் கையில் கொடுத்தான். அவர் பார்த்தார். கை நடுங்கியது, அப்புறம் நடுக்கம் நின்றது. அந்தக் கொக்குகூடக் குரலை நிறுத்திவிட்டது.

"பாத்துட்டேன் ஓரின்," என்றார் மெதுவாக, பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவது போல. "கையை இறக்கு. தோள் வலிக்கப் போகுது."

கொஞ்ச நேரத்தில் பைனாகுலரைத் தாழ்த்தினார். "போயிட்டான்."

"அன்னிக்கு ஏன் பொய் சொன்னாரு?" என்றான் எம்மெட்.

"முதல்ல அவன் பாக்கணும்னு ஆசை. நான் பாத்துட்டேன். அவ்வளவுதான் தம்பி. எனக்கும் அந்தப் புத்தி உண்டு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது கழுத்தை ஒடிக்குது. எட்டு மடங்குன்னு எம்பொண்ணு வழியில ஏதோ சொன்னாளே, அதைக் கொண்டா."

புதியதை மாட்டிக்கொண்டு அவர் மேடையின் கோடிக்குப் போனார். போன வேகத்தில் வில்லோ மரத்தில் எதையோ கண்டுபிடித்து, தனக்குத்தானே முணுமுணுக்க ஆரம்பித்தார்.

"லோர்னா." எம்மெட் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "நான் முழுசும் சொல்லலை. ஏப்ரல்லேருந்து அந்தப் பழசுல ரெண்டு பேர் தெரிஞ்சாங்க. எங்கப்பா... பக்கத்துல ஒரு பொண்ணு."

"எந்தப் பொண்ணு?"

"நீ."

அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்துப்போன பொண்ணுன்னுதான் நினைச்சேன். தினமும் பாத்தேன். அப்பாவைப் பாக்கத்தான்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன். செத்தவ மேல எவனாவது ஆசை வெப்பானா... நான் வெச்சேன். நேத்து நீ கதவைத் திறந்துட்டு உள்ள வந்த. கொக்கியில கை வெச்ச. எனக்கு மூச்சே வரலை."

"நான் பாக்கும்போது அவர் மட்டும்தான் நின்னாரு."

"நீ இங்க இருந்தியே. கோவிச்சுட்டுப் போனதும் மறுபடி பாத்தேன்... அந்தப் பொண்ணு அங்க வந்து நின்னா. நான் தண்ணியில இறங்கினது அப்பாவுக்காக இல்ல."

தூறல் பிடித்தது. லோர்னா மண்கரைப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் துணிச்சலும் இல்லை.

"பயமா இருக்கு, எம்மெட்."

"எனக்கும்தான்."

"அவ அங்க நிக்கிறாளான்னு இனிமே பாக்காத." அவள் கையுறையைக் கழற்றிவிட்டு அவன் ஈரக் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது, இருவருக்கும். "நான் உயிரோட இருக்கேன். எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு."