வயர் செருகாத பக்கம்

இடது காதில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

பாடுவதற்கு முன் பாடகி இழுக்கும் மூச்சுதான். ஹெட்போன்களை ஒப்பிட்டுப் பார்க்க ஷெர்லின் எப்போதும் ஓடவிடும் பதிவு அது. அந்த மூச்சையும் அதைத் தொட்டு வரும் வீணையின் முதல் மீட்டலையும் ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பாள். மூச்சு இரண்டு காதுக்கும் நடுவில் கேட்க வேண்டும், இன்றைக்கு இடது ஓரத்தில் கேட்டது. அதுகூடப் பரவாயில்லை, ஹெட்போனுக்கு ஹெட்போன் அப்படி இப்படி நகரும். ஆனால் ஷெர்லினின் இடது காது செத்து ஐந்து மாதம் ஆகிறது.

தை மாதம் வந்த காய்ச்சல் போகும்போது அந்தக் காதையும் கொண்டுபோய்விட்டது. கேட்டுப் பிழைக்கிறவளுக்கு வரக்கூடாத கதி. கார் வாங்குகிற விலைக்கு ஹெட்போன் வாங்கிவிட்டு, அது நன்றாக இருக்கிறதா என்று ராத்தூக்கம் இல்லாமல் தவிக்கும் ஒரு ரகம் இந்த நாட்டில் இருக்கிறது. ஏற்காட்டு மலையில் ஓர் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்துகொண்டு ஷெர்லின் எழுதும் மதிப்பீடுகள்தான் அவர்களுக்கு வேதம். வீணையின் எந்தத் தந்தியில் விரல் பட்டது என்றுகூட எழுதுவாள். காது போன பிறகும் எழுதினாள். ஒரு பாட்டை வலது காதால் கேட்பாள், ஹெட்போனை இடவலமாகத் திருப்பிப் போட்டு மற்றப் பக்கத்தையும் அதே காதால் கேட்பாள், இரண்டையும் மனசுக்குள் ஒட்டவைத்து எழுதுவாள். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. கணவன் ஜோஸ்வாவிடம்கூட அவள் சொல்லவில்லை.

ஆனால் திங்கட்கிழமை அந்த வித்தை பலிக்காது. சென்னையில் ஹெட்போன் தயாரிக்கும் ஒரு கம்பெனி, ஒலியைச் சரிபார்க்கும் வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தது. முதலில் காதுச் சோதனை. ஒவ்வொரு காதாக. இன்று வெள்ளிக்கிழமை.

அதனால் அந்த மூச்சைக் கேட்டதும் அவளுக்குப் பயம் வரவில்லை. அழுகை வந்தது.

"ஏனுங்க அம்மணி, நொம்பப் பனியா எறங்குதுங்க. நா இப்பவே ஊட்டுக்குக் கெளம்பறனுங்க," என்றாள் வீட்டு வேலைக்கு வரும் காளியாயி, வாசலில் குடையை உதறிக்கொண்டே. ஹெட்போனைக் கழற்றிய ஷெர்லினின் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னுங்க, கண்ணெல்லாம் செவந்திருக்குது?" என்றாள்.

"ஒண்ணுமில்ல காளியாயி. சந்தோஷம்."

"சந்தோஷத்துக்கு ஆராச்சும் அழுவாங்களா? கதவச் சாத்திக்கோங்க," என்று சொல்லி அவள் படியிறங்கினாள். பத்தடி தாண்டுவதற்குள் பனி அவளை மூடிவிட்டது. மணி நாலுதான், ஆனால் சில்வர் ஓக் மரங்களும் அவற்றின் கீழே இருந்த காப்பிச் செடிகளும் மறைந்து, ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருந்தது. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, வீட்டுக்குள் ஈரச் சாக்கு வாடை அடித்தது.

ஷெர்லினுக்கு உட்கார முடியவில்லை. நாலு தடவை எழுந்து நடந்தாள். மேஜையில் இரண்டு ஹெட்போன்கள். ஒன்று, காதை இறுக்கி மூடும் பழைய கறுப்பு. மற்றது நேற்று கூரியரில் வந்தது, பின்புறம் சல்லடைபோலத் திறந்திருக்கும் வகை. கறுப்பை மாட்டினாள். இடது காது கல். புதியதை மாட்டினாள். இடது காதில் மூச்சு, வீணை, யாரோ நாற்காலியில் நகர்ந்து உட்காரும் சத்தம். மறுபடியும் கறுப்பு. கல். மறுபடியும் புதியது. உயிர். நோட்டை எடுத்து, "இடப்பக்கம் அபாரம், பாடகி தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறாள்" என்று எழுதினாள், தானே சிரித்துக்கொண்டாள்.

பாட்டு முடிந்தது. வலது காதில் அமைதி. இடது காதில் யாரோ நடந்தார்கள்.

ஈரச் சருகின் மேல் வெறுங்கால். மெதுவாக, நிதானமாக, வழி தெரிந்தவர் நடப்பதுபோல. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஏது சருகு என்று ஒரு கணம் யோசித்தாள், பிறகு தலையில் தட்டிக்கொண்டாள். திறந்த வகை ஹெட்போனில் வெளிச்சத்தம் உள்ளே வரும், அதைத்தான் ஊருக்கெல்லாம் எழுதி எச்சரிக்கிறாள். காளியாயி எதையோ மறந்து திரும்பி வருகிறாள். எழுந்து ஜன்னலுக்குப் போகாமல், ஹெட்போன் வயர் எட்டும் தூரம் வரை கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பனி. நடை இப்போது சிமெண்ட் படியில் ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று. இந்த வீட்டுக்கு மூன்று படிதான்.

கதவு தாழிட்டபடி இருந்தது. நடை வீட்டுக்குள் வந்தது.

வயரை இழுத்துக்கொண்டு திரும்பியபோதுதான் மடியில் ஏதோ உருண்டது. குனிந்து பார்த்தாள். இந்த மாதிரி ஹெட்போனுக்கு ஒரே வயர் பாதியில் இரண்டாகப் பிரிந்து, வலதில் ஒரு முனையும் இடதில் ஒரு முனையுமாகச் செருக வேண்டும். இடது காது போன பிறகு, இடது முனையைச் செருகினோமா என்று பார்க்கும் பழக்கமே அவளுக்குப் போய்விட்டிருந்தது. அந்த முனை மடியில் கிடந்தது. கம்பெனிக்காரன் மாட்டிய பிளாஸ்டிக் மூடியைக்கூட இன்னும் கழற்றவில்லை.

இடது பக்கத்துக்குப் பாட்டே போகவில்லை. ஆரம்பத்திலிருந்தே.

"ஏனுங்க," என்றது இடது காதில் ஒரு குரல். "கேக்குதுங்களா?"

ஹெட்போனைப் பிடுங்கி மேஜையில் எறிந்தாள். அது உருண்டு தரையில் விழுந்தது. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். அறையில் யாரும் இல்லை. ஓட்டுத் தண்ணீர் சொட்டுவது வலது காதில் மட்டும் கேட்டது. இடது காது மறுபடியும் கல். நூறு பாடகிகளைக் குரலை வைத்துப் பிரித்துச் சொல்லக்கூடியவளுக்கு, அந்தக் குரல் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. மரியாதையான குரல் என்பது மட்டும் தெரிந்தது.

போனை எடுத்து ஜோஸ்வாவைக் கூப்பிட்டாள். அவன் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். வெள்ளிக்கிழமைகளில் கரடியூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ஆள் கணக்கு எடுத்துவிட்டு பைக்கில் திரும்புவான்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"பாதி வழியில ஷெர்லி. முன்னால ஒண்ணுந்தெரியல, உருட்டிக்கிட்டுத்தான் வர்றேன். ஏன், கொரலு ஒரு மாதிரி இருக்குது?"

சொல்லியிருக்கலாம். காது போனதையும் காது வந்ததையும் வந்த விதத்தையும் சொல்லி அழுதிருக்கலாம். சொன்னால் அவன் போகவிட மாட்டான், திங்கட்கிழமை இல்லை. பேருந்தில் தனியாகச் சென்னை போய், கண்ணாடி அறையில் உட்கார்ந்து, இடது காதில் கேட்கும்போது கையைத் தூக்குங்கள் என்று அவர்கள் சொல்லும்போது கையைத் தூக்காமல் இருப்பதை, அழைப்பு வந்த நாளிலிருந்து அவள் கனவில் பார்த்துவருகிறாள்.

"ஒண்ணுமில்லீங்க. பாத்து வாங்க," என்று போனை வைத்தாள்.

தரையில் கிடந்த ஹெட்போனைப் பார்த்தாள். வெளியே போய்விட வேண்டும் என்று தோன்றியது. கால் வாசலுக்குத்தான் நகர்ந்தது. இரண்டு எட்டு வைத்தாள். நின்றாள். திரும்பி வந்தாள். மறுபடியும் வாசல். மறுபடியும் மேஜை. வெட்கமாகக்கூட இருந்தது. இவ்வளவு பயத்திலும், அந்தக் காதில் கேட்ட ஒவ்வொரு சருகின் நொறுக்கும் எவ்வளவு துல்லியம் என்று மனசு மெச்சிக்கொண்டிருந்தது.

எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"போயிட்டீங்களோன்னு நெனச்சனுங்க," என்றது குரல்.

"யாரு?" என்று கேட்க நினைத்தாள். வாயில் வந்தது வேறு. "திங்கக்கெழம வரைக்கும் இருப்பீங்களா?"

"இருக்கறனுங்க. அதுக்கென்னுங்க." காதுக்குள் எதுவோ உட்கார இடம் பார்ப்பதுபோல அசைந்தது. "எடந்தான் பத்தலீங்க. ஒத்தப் பக்கமாச் சாஞ்சுகிட்டே எத்தன நாளைக்கு இருக்கறது? அந்தப் பக்கத்தையும் உட்டீங்கன்னா நல்லா இருந்துக்குவனுங்க."

இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். அவள் ஒவ்வொரு மதிப்பீட்டிலும் எழுதும் முதல் வரி அது. இரண்டு காதும். சோதனை அறை. தூக்கிய கை. அவள் வேறு எதையும் யோசிக்கவில்லை.

"சரி," என்றாள்.

அந்தச் சொல்லின் பாதிதான் அவளுக்குக் கேட்டது.

ஹெட்போனைக் கழற்றினாள். ஓட்டுத் தண்ணீர் சொட்டுவது தெரிந்தது. சத்தம் இல்லை. மேஜையைத் தட்டினாள். சத்தம் இல்லை. கைதட்டினாள். உள்ளங்கை வலித்தது. சத்தம் இல்லை. கத்தினாள். தொண்டை அதிர்ந்தது. அவ்வளவுதான்.

நடை மட்டும் கேட்டது. ஹெட்போன் இல்லாமலே. இரண்டு பக்கமும்.

சமமாக.

கதவின் தாழ்ப்பாள் குலுங்கியது. ஜன்னலில் பைக்கின் வெளிச்சம். ஜோஸ்வா. ஓடினாள். கால் ஓடியது, கதவை ஒட்டிய ஜன்னல் வரை. தாழ்ப்பாளுக்குக் கை போகவில்லை. கையைப் போ என்றாள். போகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜோஸ்வா, முடியெல்லாம் பனித்துளி. வாய் அசைந்தது. ஷெர்லி. ஷெர்லி, தெற.

"நீங்க சும்மா இருங்க," என்றது குரல், காதுக்குள் இல்லை, இன்னும் உள்ளே. "நா பேசிக்கறனுங்க."

ஜோஸ்வாவின் முகத்தில் கலவரம் இருந்தது. கேட்டுக்கொண்டே நின்றான். கொஞ்சம் கொஞ்சமாக அது வடிந்தது. புருவம் இறங்கியது. சிரித்தான். என்னவோ கேட்டான், பதில் வந்தது போலும், தலையை ஆட்டினான். அவளைப் பார்த்துத்தான். அவள் கண்ணைப் பார்த்து இல்லை. அதற்குக் கீழே.

கண்ணாடியைத் தட்டி இரண்டு விரலைக் காட்டினான், இரண்டு நாள் தொந்தரவு பண்ண மாட்டேன் என்று வாயசைத்தான். பைக்கைத் திருப்பினான். பின்விளக்கின் சிவப்பு பனிக்குள் இறங்கிப் போனது.

அப்போதுதான் அவளால் கையைத் தூக்க முடிந்தது. விரல்களை மெல்ல முகத்துக்குக் கொண்டுபோய் வாயைத் தொட்டாள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, சுறுசுறுப்பாக, இடைவெளி விடாமல். இரண்டு கையாலும் பொத்தினாள், உள்ளங்கைக்கு அடியில் அவை பேசிக்கொண்டே இருந்தன.