தோட்டை விழுங்கிய காது

ஆசாரி தோட்டைக் கையில் எடுப்பதற்குள், மூன்றாவது தடவை குத்திய ஓட்டையும் மூடிக்கொண்டது. தாய்மாமன் பேச்சிமுத்துவின் மடியில் இருந்த ஐந்து வயது கோமதி அழக்கூட இல்லை. பஞ்சுமிட்டாயிலேயே கண்ணாக இருந்தாள். ஆற்றங்கரைக் கோயிலில் கூடியிருந்த சொந்தபந்தம் மொத்தமும் அவளுடைய அம்மா இசக்கியம்மாளைத் திரும்பிப் பார்த்தது. அவள் கண்டுபிடித்த மருந்து செய்கிற வேலை அது.

மருந்தின் பெயர் தழைநீர். கொக்கிப்புழு மனிதக் குடலில் வருடக்கணக்கில் குடியிருக்கும். உடம்பு அதை விரட்டாது. 'என்னோடு மல்லுக்கு நிற்காதே, போய்ச் சேதத்தைச் சரிசெய்' என்று காவல் அணுக்களைத் திருப்பி அனுப்பும் ஒரு கசிவு புழுவிடம் உண்டு. இசக்கி புழுவை விட்டுவிட்டு, கசிவை மட்டும் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினாள். இரண்டு வயதில் கோமதியின் ஈரல் சுருங்கி, பெரிய பெரிய மருத்துவர்கள் கைவிரித்தபோது, முதல் சொட்டை மகளின் நாக்கில்தான் விட்டாள். ஈரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளிர்விட்டது. இன்று பாதி நாடு பல் விளக்கியதும் தழைநீர் குடிக்கிறது. ஆறாத சர்க்கரைப் புண் என்ற பேச்சே ஊரில் இல்லை. இசக்கிக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்தான், இருக்கட்டுமே.

பிள்ளை பிழைத்தால் காது குத்துகிறேன் என்று குலசாமிக்கு நேர்ந்துகொண்டவன் பேச்சிமுத்து. நாலு நாள் மருந்தை நிறுத்திவிட்டுக் குத்தலாமா என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டான். ஈரல் முழுதாகத் தேற இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, ஒரு வேளைகூடத் தவறக்கூடாது என்று அவள் ஒரே போடாகப் போட்டாள். ஆனால் தம்பியின் முகம் வாடியது அவளுக்கே பொறுக்கவில்லை. ஊசி வெளியே வரும்போதே தோடு உள்ளே போகட்டும் என்று ஆசாரிக்கு யோசனை சொன்னாள். அது பலித்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

பொங்கலை இறக்குவதற்குள் பேச்சிமுத்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"யக்கா, தோட்டக் காணல. யாரும் கழட்டல, கீழயும் விழல."

இசக்கி பையிலிருந்த, தோலுக்கடியில் இருப்பதைக் காட்டும் ஊடுநோக்கியைக் காதில் வைத்துப் பார்த்தாள். தோடு மடலுக்குள்ளேயே இருந்தது. சுற்றிலும் புதுச் சதை, புது ரத்தக்குழாய்கள். சீழும் இல்லை, வீக்கமும் இல்லை. தங்கத்தை உடம்பு தன் எலும்பாகவே ஏற்றுக்கொண்டிருந்தது. அவள் மகளை வாரி அணைத்து முத்தமிட்டாள். செயற்கை இதயமோ, செயற்கை விழியோ, எதை வைத்தாலும் இனி உடம்பு தள்ளாது. உலகம் தேடியது தன் பிள்ளையின் காதில் கிடைத்துவிட்டதே என்று அவளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

மாமன் போட்ட தோட்டை இனி யாராலும் கழற்ற முடியாது என்று தம்பியைக் கேலி செய்தாள். அவனும் சிரித்தான். பிறகு சாதாரணமாகக் கேட்டான்.

"அப்ப எது உள்ள வந்தாலும் ஒடம்பு சும்மா விட்டுருமாக்கா? அந்தப் புழுவே வந்தா?"

இசக்கி சுற்றி நின்றவர்களின் கால்களைப் பார்த்தாள். ஆற்றோர ஈரமண்ணில் முந்நூறு பேர் வெறுங்காலோடு நின்றிருந்தார்கள். கொக்கிப்புழுவின் குஞ்சு அந்த மாதிரி மண்ணிலிருந்துதான் பாதத்தைத் துளைத்து ஏறும். ஏறிய இடம் அரிக்கும். அந்த அரிப்புதான் உடம்பு போடும் முதல் சண்டை. அவளும் காலையில் தழைநீர் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

குனிந்து, ஊடுநோக்கியைத் தன் உள்ளங்காலில் வைத்தாள். நூலைவிட மெல்லியதாக ஒன்று நெளிந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. கால் கொஞ்சமும் அரிக்கவில்லை.