மிச்சமிருந்த ஒரு சோடி

ஐந்து அணிகளும் போன பிறகும் வாசலில் ஒரு சோடிச் செருப்பு கிடந்தது. நீல ரப்பர் செருப்பு. இடது வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. மழை பெய்து இரண்டு மாதமாகிறது, அது மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

முஹ்சினுக்கு என்னவோ போலிருந்தது. சேரன்மகாதேவியில் மூடிக்கிடந்த அரிசி ஆலையை வாடகைக்குப் பிடித்து, அடைபட்ட அறையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தப்பிக்கும் போட்டியைத் தனியாளாக நடத்துகிறான். துப்புகளைத் துருவி, பூட்டின் எண்ணைச் சரியாகச் சொன்னால் வெளியிலிருந்து திறந்துவிடுவான். செருப்பும் செல்போனும் வாசலோடு சரி. அது அவன் போட்ட விதி. வாசல் காலியானால் உள்ளே ஆளில்லை என்று கணக்கு. சவூதியிலிருந்து திரும்பி, உம்மாவையும் அடக்கிவிட்டு, வாய் பேச ஆளில்லாமல் கிடந்தவனை இன்றைக்கு இருபத்தைந்து பேர் அண்ணே என்று கூப்பிட்டிருந்தார்கள்.

கடைசி அணியின் தலைவி அர்ஷியாவுக்குப் போன் போட்டான்.

“யாராச்சும் செருப்ப விட்டுட்டுப் போயிட்டீங்களாம்மா?”

“இல்லண்ணே. அஞ்சு பேரும் வேன்லதான் இருக்கோம். எல்லார் கால்லயும் கிடக்கு.”

“அப்ப உள்ள ஒரு எட்டு பாத்துருதேன்.”

“தனியாவாண்ணே? கூட யாரும் இல்லியா?”

“யாரு இருக்கா,” என்றான்.

போனை வைத்ததும் கேட்டது. டொக். டொக். டொக். துப்பு வேண்டுமென்றால் மூன்று தட்டு; அதுவும் அவன் போட்ட விதிதான்.

யாரோ மாட்டிக்கொண்டார்கள், பாவம். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவுக்குச் செங்கல்லை அண்டக் கொடுத்தான். நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய பழக்கம், கை தானாகப் போனை வாசலிலிருந்த தட்டில் வைத்தது, கால் தானாகச் செருப்பைக் கழற்றி ஈரச் செருப்புக்குப் பக்கத்தில் விட்டது.

உள்ளே ஓட்டைத் தகரத்தின் வழியே அந்தி வெளிச்சம் புழுதியோடு இறங்க, எந்தக் காலத்திலோ அவித்த நெல்லின் புளித்த வாடையும் உமி வாடையும் மூக்கில் ஏற, அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை, ஆற்றுப் பாசி வாடை, பைய வந்து தொண்டையில் உட்கார்ந்தது.

“யாரு அங்கன?”

கடைசிச் சுவர் வரை போய்ப் பார்த்தான். யாருமில்லை. சுவரடியில் ஈரக் காலடி ஒன்று. அடுத்தது, கொஞ்சம் தள்ளி. அடுத்தது. எல்லாம் வாசலை நோக்கி. அவன் வந்த வழியிலேயே. வரும்போது தரை காய்ந்துதான் இருந்தது.

செங்கல் உருண்டது.

கதவு சாத்திக்கொண்டது.

ஓடிப்போய் உலுக்கினான். அசையவில்லை. வெளியே அவன் போன் அடித்தது. இரண்டு முறை. மூன்றாவது முறை அடிக்கவில்லை.

“எல்லாரும் வெளிய வந்தாச்சும்மா,” என்றது வெளியே அவன் குரல். “நான் வீட்டுக்குக் கிளம்புதேன்.”

கத்தப் பார்த்தான். குரல் எழும்பவில்லை. கதவைத் தட்டினான். மூன்று தட்டு.

செருப்புச் சத்தம் தெருப்பக்கம் போனது. அவசரமில்லாமல்.

குப்புறப் படுத்துக் கதவிடுக்கில் பார்த்தான். அவன் செருப்பைக் காணோம். ஊக்கு குத்திய ஈரச் சோடி மட்டும் அங்கேயே கிடந்தது, முனை அவனைப் பார்த்து.