ஈசா பொறித்த வாசல்

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நெருங்கியதும் ஆரபி வேலைத்திரையை அணைத்துவிட்டு எழுந்தாள். நோர்வேஜிய வடகரை ஊரான ஸ்கார்வ்னெஸின் துறைமுக அலுவலகத்தில் பிள்ளைகளை அழைத்துவரப் போகும் தாய்மாருக்கு மட்டும் அந்த நேரத்தில் வெளியேற அனுமதி உண்டு. ஆரபிக்குப் பிள்ளை கிடையாது. ஆனாலும் அவள் தினமும் போவாள், ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. சின்ன ஊர், எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

வீட்டு வாசலில் நின்று இடது உள்ளங்கையில் பெருவிரல் நகத்தால் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தாள். மூச்சு சீரானது. குதிகால் தரையில் படாமல் முன்பாதத்தால் துள்ளிப் படியேறிக் கதவைத் திறந்தாள். பையைத் தொப்பென்று தரையில் போட்டாள்.

"அப்பா, நான் வந்திட்டன்!"

ஒன்பது வயதுக் குரல். அவளுக்கு இருபத்தேழு வயது.

"வா குஞ்சு," என்றது கூரையிலிருந்து வந்த குரல். "மழையில நனைஞ்சிட்டியோ? துவாயை எடுத்துத் தலையைத் துடை. மேசையில புட்டு மூடி வைச்சிருக்கு."

வெளியே நல்ல வெயில். ஆரபி துவாயை எடுத்துக் காய்ந்த தலையைத் துடைத்தாள். காலையில் தானே அவித்து மூடி வைத்த புட்டை உட்கார்ந்து சாப்பிட்டாள். கரண்டிச் சத்தம் கேட்க வேண்டும். அதைக் கேட்டால்தான் அவருக்கு நிம்மதி.

"கெட்டிக்காரி. அப்பாக்குக் கடலுக்குப் போற போட்டுக்கு நேரமாச்சு. அம்மா வேலையால வருமட்டும் படிச்சுக்கொண்டிரு. போயிட்டு வாறன், என்ன?"

"போயிட்டு வாங்கோ அப்பா."

வாசற்கதவு சாத்தும் ஓசையை வீடு எழுப்பியது. பிறகு மறுநாள் பின்னேரம் வரைக்கும் அமைதி.

இறந்தவரின் குரலை வீட்டில் வைத்திருப்பது அந்த நாட்டில் புதுமை இல்லை. சுவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒட்டுக்கேட்டுச் சேர்த்த பேச்சையும் இருமலையும் சிரிப்பையும் கொண்டு ‘மீள்குரல்’ கட்டித் தருகிறார்கள். கேட்டால் பதில் சொல்லும், கோபித்தால் கோபிக்கும். அது எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும் குடும்பம் தீர்மானிக்க வேண்டும். துக்க வீட்டாரின் முன்னால் திரையை நீட்டி நூறு கேள்வி கேட்டால் யார் பதில் சொல்வார்கள்? அதனால் அந்தத் தொழிலில் இறங்கியவர்கள் பழைய நோர்ஸ் மக்களின் ரூன் எழுத்துகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ரூனுக்கும் ஒரு பெயர், ஒரு பொருள், ஒரு பயன். ரைதோ என்றால் பயணம். குரல் வீட்டாரோடு சேர்ந்து வயதாகும். தகஸ் என்றால் விடியல். ஓராண்டு இருந்துவிட்டு விடைபெறும். ஈசா என்றால் பனிக்கட்டி. அது நிற்கும், அவ்வளவுதான். வாசல் நிலையில் ரூனைச் செதுக்கி, அந்தப் பள்ளத்தில் வெள்ளி நூல் மாதிரி மின்சுற்றைப் பதிப்பார்கள். ஒரு வாசலுக்கு ஒரு ரூன். அதை மாற்ற முடியாது. சுரண்டி அழிக்கலாம், அதையும் வீட்டுக்கு உரியவர் தன் கையால் செய்ய வேண்டும்.

ஆரபியின் அம்மா சுகிர்தா ஈசாவைத் தேர்ந்தெடுத்த கதையைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. மற்ற ரூன்களில் எல்லாம் கொக்கியும் கிளையும் இருந்தன. இதுவோ ஒரே நேர்கோடு. இதில் என்ன பிழை வந்துவிடப் போகிறது என்று நினைத்தாள். பெயரும் சிவபெருமானைக் கூப்பிடுவது போல இருந்தது. இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் சுரண்டிவிடலாம் என்பதுதான் அவள் கணக்கு. ஆனால் கடல் அவள் புருசன் தவநேசனின் உடம்பைத் திருப்பித் தரவில்லை. உடம்பு கிடைக்காத ஆளுக்கு என்ன அந்தியேட்டி என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். பொட்டையும் அழிக்கவில்லை, ரூனையும் அழிக்கவில்லை. நாலைந்து தலைமுறையாக அந்த வடக்குக் கரையில் வாழ்ந்தும் அவர்கள் தமிழையும் விடவில்லை, பிடிவாதத்தையும் விடவில்லை.

தவநேசன் ஆளில்லா மீன்படகுகள் பழுதானால் நடுக்கடலுக்குப் போய்த் திருத்துகிறவர். கடைசி நாளில் மழை. மகள் பள்ளியிலிருந்து வரும்வரை வீட்டில் காத்திருந்து, அவள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, பின்னேரப் படகில் போனார். அந்தப் படகு திரும்பவில்லை. ஈசா அவரை அந்தப் பின்னேரத்திலேயே நிறுத்தி வைத்தது. என்ன சொன்னாலும் அன்றைக்கு மட்டும் நினைவில் வைத்திருப்பார்; மறுநாள் எல்லாம் அழிந்து மறுபடியும் அதே மழை, அதே புட்டு.

பிள்ளை வராவிட்டால் அவர் பதறிப்போவார். பதினைந்து வயதில் ஒருமுறை ஆரபி வேண்டுமென்றே சிநேகிதி வீட்டில் தங்கிவிட்டாள். மீள்குரல் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கரைக்காவலுக்கும் மாறிமாறி அழைத்துக் கெஞ்சியது. அது யாருடைய குரல் என்று தெரிந்தும் கரைக்காவலர்கள் தேடத் தொடங்கினார்கள், அப்படிக் கெஞ்சியது. அந்தக் குரலைத் தாங்க முடியாமல் அம்மா மயங்கி விழுந்தாள். அதன் பிறகு ஆரபி ஒரு நாளும் தவறவில்லை. வெளியூரில் படிக்கப் போகவில்லை. எங்கேயும் போகவில்லை.

ஆனால் அவளைத் தின்றது அது இல்லை. அவள் வந்ததால்தான் அவர் போனார். தினமும் அவள் உள்ளே வருகிறாள், தினமும் அவர் படகுக்குப் போகிறார். பதினெட்டு வருடமாக அவள் தன் வாயாலேயே அப்பாவைக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

மாசி மாதம் சுகிர்தா இறந்தாள். வீடு ஆரபிக்கு வந்தது, ரூனும் வந்தது. அம்மாவுக்கு மீள்குரல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அம்மாவின் அந்தியேட்டி முடிந்து சில வாரத்தில் ரூன் பொறிப்பாளர் சில்யே வந்தாள். ஆரபியோடு ஒரே வகுப்பில் படித்தவள், கையில் எப்போதும் மரத்தூள் ஒட்டியிருக்கும். சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவள்.

"உண்மையிலேயே அழிக்கப் போகிறாயா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

"துவாரகனுக்கு பேர்கனில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே கலியாணம் எழுதப் போகிறோம். நான் போய்விட்டால் அப்பா இங்கே தனியாக இருந்து கத்துவார்."

சில்யே வாசல் நிலையில் இருந்த வெள்ளிக்கோட்டை விரலால் தடவினாள். "இதை இவ்வளவு காலம் யாரும் வைத்திருப்பதில்லை. ஈசாவின் பயனே வேறு. காய்ச்சல் ஏறும்போது, கோபம் தலைக்கேறும்போது, உள்ளங்கையில் கோடு போட்டுக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பார்கள். அந்தக் காலத்தில் இந்தக் கடல் உறையுமாம். பனி இறுகினால் அதன் மேல் நடந்து அக்கரைக்குப் போவார்களாம். போவதற்குத்தான். அதன் மேல் யாரும் வீடு கட்டியதில்லை."

"நானும் உள்ளங்கையில் போடுவேன்," என்றாள் ஆரபி. "உள்ளே போகுமுன்."

சில்யே அவளை ஏறிட்டுப் பார்த்தாள். மரப்பிடி போட்ட சின்னச் சுரண்டியை ஆரபியின் கையில் வைத்தாள். "மேலிருந்து கீழே, ஒரே இழுப்பு. உள்ளே நின்று செய்யலாம். அவருக்கு வலிக்காது."

புறப்படும் நாள் வந்தது. துவாரகன் சாமான்களை வண்டியில் ஏற்றித் துறைமுகத்தில் நிறுத்தியிருந்தான். மாலைக் கப்பல்.

"நானும் வரட்டோ?" என்று கேட்டான்.

"வேண்டாம் துவா. கொஞ்ச நேரந்தான்."

"நீர் சொன்னால் சரி. ஆனா பிந்தினால் நான் வந்து கதவைத் தட்டுவன், சொல்லிப்போட்டன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவனுடைய கண்ணில் கொஞ்சம் பயமும் இருந்தது.

ஆரபிக்கு ஓர் ஆசை. சுரண்டும் முன் ஒரே ஒருமுறை வளர்ந்த ஆரபியாக அப்பாவின் முன் நிற்க வேண்டும். தன்னை இப்போது இருக்கிறபடி அவர் ஒரு தடவையாவது அறிய வேண்டும். ஆகவே கையில் கோடு போடவில்லை. குதிகாலை அழுத்தி ஊன்றி நடந்து, கதவைத் திறந்து உள்ளே போனாள். ஒன்றும் சொல்லவில்லை.

"ஆர் அது?" என்றது குரல். அந்தத் தொனியை அவள் கேட்டதே இல்லை.

"பயப்பிடாதேங்கோ. நான்..."

"சுகிர்தாவோட வேலை செய்யிறியளோ? இருங்கோ தங்கச்சி. அவ இன்னும் வரேல்லை."

அவருக்கு முப்பத்துநாலு வயது. தங்கச்சி என்றுதான் சொல்வார், வேறென்ன சொல்வார்? ஆரபி கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"என்ர பேர் ஆரபி."

"அட!" அவர் வாய்விட்டுச் சிரித்தார். "என்ர மகளுக்கும் உதுதான் பேர். இப்ப பள்ளிக்கூடத்தால வந்திடுவாள். வந்தால் வாய் மூடமாட்டாள், பாருங்கோ."

"நான்தான் அந்த ஆரபி. எனக்கு இருபத்தேழு வயசாச்சு. அம்மா செத்துப்போனா. நீங்கள்... நீங்கள் கடலால திரும்பி வரேல்லை."

 மிகவும் மெதுவாக, ஒரு நோயாளியிடம் பேசுவது போல, குரல் வந்தது. "தங்கச்சி, உங்களுக்கு உடம்புக்கு ஏதும் ஏலாதோ? ஆரையும் கூப்பிடட்டோ?"

அவள் உடைந்து அழுதாள். பதினெட்டு வருடத்தில் அந்த வீட்டுக்குள் அவள் தன் சொந்தக் குரலில் அழுதது அதுவே முதல் தடவை.

"அழாதேங்கோ. என்ன துக்கமோ எனக்குத் தெரியாது. உங்கட அப்பா இருக்கிறாரோ?"

"கடலுக்குப் போனவர்."

"அப்ப ஏன் பயம்? கடலுக்குப் போற ஆக்கள் நாங்கள், பிள்ளையளை நினைச்சுக்கொண்டு எப்பிடியும் வந்திடுவம்."

ஆரபி எழுந்து வாசல் நிலைக்குப் போனாள். அவர் அவளை அறியமாட்டார். எத்தனை முறை சொன்னாலும் அறியமாட்டார். சுரண்டியின் நுனியை வெள்ளிக்கோட்டின் உச்சியில் வைத்தாள்.

"பிள்ளையை இன்னும் காணேல்லை," என்றார் அவர், தனக்குள் பேசுவது போல. "போட் வெளிக்கிடப் போகுது." பிறகு பெருமூச்சு. "சரி, போட் போகட்டும். பிள்ளை வராமல் நான் எப்பிடிப் போறது?"

சுரண்டி அசையவில்லை.

போட் போகட்டும். இத்தனை வருடத்தில் இந்தச் சொற்களை அவள் கேட்டதில்லை. கேட்டிருக்க முடியாது, அவள் நல்ல பிள்ளையாக நேரத்துக்கு வந்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு வராமல் நின்ற அந்த ஒரு நாளில் அவர் சொல்லியிருப்பார். கேட்க அவள் இங்கே இருக்கவில்லை.

சுரண்டியைக் கீழே நழுவவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். அப்பாவின் பின்னேரத்தில் படகு சங்கு ஊதி விலகும் ஓசையை வீடு எங்கோ தூரத்தில் எழுப்பியது. படகு அவர் இல்லாமல் போனது. அவர் வீட்டில் இருந்தார். உயிரோடு இருந்தார். இனி எந்தப் புயலும் அவரை ஒன்றும் செய்யமுடியாது என்று நினைத்தபோது அவள் நெஞ்சு பொங்கியது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கவே இல்லை. குதிகால் தானாக எழும்பியது.

"அப்பா, நான் வந்திட்டன்!"

"ஐயோ என்ர குஞ்சு! எங்கையடி போனனி? அப்பா பயந்து செத்துப்போனன்." அவருடைய குரல் தழுதழுத்தது. "இஞ்சை ஒரு அக்கா இருந்து அழுதுகொண்டிருந்தவ. சத்தத்தைக் காணேல்லை. போயிட்டாவோ?"

"ஓம் அப்பா. போயிட்டா."

"பாவம், ஆரோ பெத்த பிள்ளை. சரி விடு. போட்டும் போயிட்டுது, இனி அப்பா இண்டைக்கு வீட்டிலதான். முதல்ல தலையைத் துடை. பிறகு என்ன செய்வம்? கதை சொல்லட்டோ? கணக்குச் சொல்லித் தரட்டோ?"

இந்தக் கேள்வியை இதற்கு முன் யாரும் அவளிடம் கேட்டதில்லை. அந்தப் பின்னேரத்துக்குப் பின்னால் ஒரு மாலை இருந்தது. அது பதினெட்டு வருடமாகத் தொடப்படாமல் அவளுக்காகவே காத்திருந்தது. ஆரபி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். சுரண்டி கதிரைக்கு அடியில் உருண்டு போயிருந்தது. அவள் அதைத் தேடவில்லை.

"கதை," என்றாள்.

அவர் சொன்னார். கடலுக்கு அடியில் தொழிற்சாலை வைத்திருக்கும் நண்டுகளைப் பற்றி, அந்த இடத்திலேயே இட்டுக்கட்டி, குரலை மாற்றிமாற்றிச் சொன்னார். அவள் சிரித்தாள். நாளைக்கு இதெல்லாம் அவருக்கு மறந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் என்ன? நாளைக்கும் பிந்தி வந்தால் போதும். நாளை மறுநாளும் பிந்தி வரலாம். ஒவ்வொரு நாளும் படகைப் போகவிட்டு அவரை வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு சுலபமான வழி ஏன் இத்தனை காலம் தெரியாமல் போயிற்று என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

வெளியே கப்பல் முதல் சங்கை ஊதியது. இது உண்மையான கப்பல்.

"கதை மிச்சம் பிறகு," என்றார் அப்பா. "அம்மாவும் வேலையால வரட்டும். மூண்டு பேருமா இருந்து சாப்பிடுவம்."

ஆரபி வாய் திறக்கும் முன் கதவு தட்டப்பட்டது. மெதுவாக இரண்டு முறை. பிறகு பலமாக.

"அம்மா வந்திட்டா போல. ஓடிப்போய்த் திற குஞ்சு."

"ஆரபி!" வெளியிலிருந்து துவாரகனின் குரல். "ஆரபி, நேரமாச்சப்பா. என்ன செய்யிறீர்? கதவைத் திறவும்!"

"ஆரடி அது?" அப்பாவின் குரல் தாழ்ந்தது. "உன்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுறான். உனக்குத் தெரிஞ்ச ஆளோ?"

கதவு அதிர்ந்தது. ஆரபி முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, உடம்பைச் சின்னதாக ஒடுக்கி, சுவரோடு நகர்ந்தாள்.

"இல்லை அப்பா," என்றாள் ஒன்பது வயதுக் குரலில். "ஆரோ தெரியாத மாமா."