எட்டாவது மூச்சு

சுவாசக் கருவியில் நிமிடத்துக்கு ஏழு மூச்சு என்று வைத்திருந்தார்கள். கண்ணாடி மூடிக்குள் இருந்த நுரையீரல் எட்டு முறை மூச்சு விட்டது.

அப்போதுதான் உள்ளே வந்த டெக்னீஷியன் ஹைதர் மறுபடி எண்ணினான். இப்போது ஏழுதான். கண் அசந்துவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டான். மதியம் இரண்டு மணி. ஆனால் மருத்துவமனையின் அந்தக் கீழ்த்தள அறைக்கு ஜன்னல் கிடையாது. தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் கொட்டிய மழைகூட அங்கே குழாய்க்குள் ஓடும் தண்ணீரின் உறுமலாகத்தான் கேட்டது. கருவியின் சீரான பெருமூச்சு, கிருமிநாசினி நெடி, அதற்கடியில் ஈர இறைச்சியின் மெல்லிய வாடை, விளக்குப் பெட்டியின் இடுக்கில் கசிந்து சுவரில் நடுங்கிய நீல வெளிச்சம், எல்லாமே அவனுக்குப் பழகியவைதான்.

நுரையீரலைத் தந்தவன் யாரென்று அவனுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. இளைஞன், மூளைச்சாவு, ரத்தத்தில் ஹெப்படைட்டிஸ் சி. முன்பெல்லாம் இதைத் தூக்கி எறிந்திருப்பார்கள். இப்போது மருந்து நீரை நுரையீரலுக்குள் ஓடவிட்டு, வெளியே வரும் நீரிலுள்ள கிருமியை ஒளியால் கொன்று, திரும்ப உள்ளே அனுப்பி, ஆறு மணி நேரம் அலசுகிறார்கள். அலசி முடித்ததும் அது மேல்மாடியில் இருக்கும் சபூராவுக்கு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். இரண்டு முறை கூப்பிட்டு, வந்த நுரையீரல் சரியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலையில் முகமூடியை விலக்கி, "அண்ணே, நல்லாப் பாத்துக்குங்க லா," என்று மட்டும் சொன்னாள்.

அலசலின் மூன்றாம் மணி நேர மாதிரியைச் சோதனைக்கூடத்தில் கொடுத்துவிட்டுத் திரும்பினான். கதவைத் திறந்ததும் வாய் தானாக, "அஸ்ஸலாமு அலைக்கும்," என்றது. ஆளில்லாத அறைக்கும் ஸலாம் சொல்லி நுழைவது சின்ன வயதுப் பழக்கம். "மெஷினுக்கெல்லாமா ஸலாம், தம்பி?" என்று நர்ஸ் குமுதா அக்கா எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறாள்.

மூடிக்குள் நுரையீரல் மெதுவாக உப்பியது. கருவி அப்போது இரண்டு மூச்சுக்கு இடையே ஓய்வில் இருந்தது.

குழாயைப் பார்த்தான். வால்வைப் பார்த்தான். பழுது எதுவும் இல்லை. வெளியே போய், வாயை இறுக மூடிக்கொண்டு உள்ளே வந்தான். ஏழு. மறுபடி போய், ஸலாம் சொல்லிக்கொண்டு வந்தான். எட்டு.

ஐந்தாம் மணியில் கிருமி வெகுவாகக் குறைந்திருந்தது. ஆறாம் மணியில் இல்லவே இல்லை. அந்த எட்டாவது மூச்சு மட்டும் முன்னைவிட ஆழமாக வந்தது.

குமுதா அக்கா கதவருகே நின்றாள். "தம்பி, அந்தப் பொண்ணுக்கு ராத்திரி வரைக்கும் தாங்காது. எல்லாம் சரியான்னு டாக்டர் கேக்கச் சொன்னாரு."

சொன்னால் எறிந்துவிடுவார்கள். சபூரா செத்துப்போவாள்.

"எல்லாம் ஓகேதான்க்கா."

சொன்ன பிறகு அவனுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை அவளைப் பார்க்கப் போனான். அறுவை நன்றாக முடிந்திருந்தது. அசையவே முடியாதபடி மருந்து கொடுத்திருந்தார்கள். கருவியில் பன்னிரண்டு. வாசலில் நின்றான். ஸலாம் சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டான்.

பன்னிரண்டு எண்ணினான். கருவி ஓய்ந்தது.

அவள் நெஞ்சு ஏறியது.

இறங்கவில்லை.

இந்தமுறை ஸலாம் சொல்வதில் அது முந்திக்கொண்டது. ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் இருக்கக்கூடாது. அது அவனுக்குத் தெரியும். அதற்கும் தெரியும்.

திரையில் ஆக்சிஜன் அளவு தொண்ணூற்று நான்கு. தொண்ணூறு. எண்பத்தாறு.

"வ அலைக்குமுஸ்ஸலாம்," என்றான்.

நெஞ்சு இறங்கியது. எண் ஏறியது.

போய்விட வேண்டும். திரும்பினான். ஓரடி வைத்தான். கண்ணாடிக் கதவில் பின்னாலிருந்த கட்டிலின் பிம்பம் தெரிந்தது.

நெஞ்சு மறுபடி ஏறியது. ஏறியபடியே நின்றது.