நேரான விரிசல்

விரிசல் நேராக இருந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

சுவரில் பூசும் பட்டி காயும்போது வெடிப்பது ஒன்றும் புதிதல்ல. கனமாக அப்பினால் வெடிக்கும், மின்விசிறிக்கு நேர்கீழே வைத்தால் வெடிக்கும். ஆனால் வறண்ட குளத்து மண்ணைப் போலக் கோணல்மாணலாகத்தான் வெடிக்கும். இது நூல் பிடித்தாற்போல மேலே ஏறி, சட்டென்று திரும்பிக் குறுக்கே ஓடி, மறுபடி நேராகக் கீழே இறங்கியிருந்தது. படுக்கையறைச் சுவரில், மகள் குட்டியின் தலைமாட்டில் அந்தப் படத்தை மாட்டி இரண்டு நாள்கூட ஆகவில்லை.

குடிவந்த வீட்டின் பரணில் கிடந்த கான்வாஸ் அது. ஐந்து வயதுக் குட்டியைவிடக் கொஞ்சம் உயரம். யாரோ அதில் ஒரு மூடிய கதவை வரைந்திருந்தார்கள். வேறொன்றும் இல்லை, கதவுக்கு அடியில் மட்டும், அந்தப் பக்கம் விளக்கு எரிவதைப் போல மெல்லிய மஞ்சள் கோடு. "எங்களோடது இல்லம்மா, முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போனது. வேணும்னா எடுத்துக்க" என்றாள் வீட்டுக்காரம்மா. நல்ல மரச்சட்டம், விறைப்பான துணி, தூக்கி எறிய யாருக்கு மனசு வரும்? பழைய சாயத்தைச் சுரண்டிவிட்டுத்தான் பூச வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். யார் உட்கார்ந்து சுரண்டுவது என்று, சுவர்ப் பட்டியில் வெள்ளைப் பசையைக் குழைத்து, கதவின் மேலேயே தகட்டால் அப்பி, பல் அகன்ற சீப்பால் அலை அலையாக வாரிவிட்டாள். "கடைல வாங்குனதுன்னு சொன்னா நம்பிடுவாங்க" என்று கணவன் சொன்னபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது அவனுடைய அலுவலகத்துக்கே போன் போட்டாள்.

"பட்டி நேரா வெடிக்குமாங்க?"

"வெடிச்சா இன்னொரு கை பூசு. இதுக்கா போன் பண்ண?"

"அந்தக் கதவு இருந்த இடத்துலயே வெடிச்சிருக்கு."

அவன் சிரித்தான். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ராத்திரி பூரா நீ தூங்கல, அதான். குட்டிக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"

"விட்டுடுச்சு. தூங்குறா."

போனை வைத்தபின் வீடு மழைச் சத்தத்தால் நிறைந்தது. பிற்பகல்தான், ஆனாலும் திரைச்சீலைக்குப் பின்னால் வெளிச்சம் செத்துப்போய், அறை முழுக்க ஈரச் சுண்ணாம்பின் வாடையும் காய்ச்சல் மருந்தின் இனிப்பு வாடையும் கலந்து நின்றன. அவற்றுக்கும் அடியில், நாள்பட அடைத்துக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அந்த முடை நாற்றம். அவள் விரிசலில் விரலை வைத்துப் பார்த்தாள். காற்று வந்தது. படத்துக்குப் பின்னால் சுவர், சுவருக்குப் பின்னால் மழை, கீழே இரண்டு மாடி ஆழத்தில் தெரு. உள்ளிருந்து வந்த காற்றிலோ மழையின் குளிர் இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது, விட்டு விட்டு வந்தது.

விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். விடிய விடிய அனத்திவிட்டு இப்போதுதான் கண்ணயர்ந்த பிள்ளையை ஒரு விரிசலுக்குப் பயந்து எழுப்புவதா என்று தன்னையே திட்டிக்கொண்டு, பட்டி குழைக்கச் சமையலறைக்குப் போனாள்.

இந்த முறை பசையைத் தாராளமாக ஊற்றினாள். கல்லாக இறுக வேண்டும். கிண்ணத்தில் தகடு உரசிக்கொண்டிருந்தபோது கட்டில் கிறீச்சிட்டது. குட்டியின் குரல் கேட்டது, யாருக்கோ பதில் சொல்வதைப் போல.

"ம்ம். வரேன்."

"தூக்கத்துல என்னடி பேச்சு? படு குட்டி" என்று அங்கிருந்தே சொன்னாள். மழை வலுத்தது.

அறைக்குத் திரும்பியபோது கட்டிலில் போர்வை தலைவரை மூடிக் குவிந்திருந்தது. நிம்மதியாக நிமிர்ந்தவள் படத்தைப் பார்த்தாள். விரிசல் விரிந்திருந்தது. ஒரு கை நுழையும் அளவு. பட்டியோடு சேர்ந்து கதவின் ஒரு பக்கம் முழுவதும் முன்னால் வந்து நின்றது. உள்ளே இருட்டு.

அவள் உள்ளே பார்க்கவில்லை. பார்க்க அவளால் முடியாது. கட்டிலில் ஏறி இரு கைகளாலும் தள்ளினாள். அந்தப் பக்கத்திலிருந்தும் ஏதோ தள்ளியது. பலமாக இல்லை. தோளைக் கொடுத்துச் சாய்ந்தாள். மூடியது. ஒரு தோளால் முட்டுக் கொடுத்துக்கொண்டே பட்டியை அள்ளி அப்பினாள். மேலே. குறுக்கே. கீழே. தகடு கைநழுவியது, விரலாலேயே திணித்தாள். தலைமுடி உலர்த்தும் கருவியைப் பிடித்துச் சுடக் காற்றடித்தாள். அதன் இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை. விரலால் சுண்டினாள். ணங்கென்றது. கல்.

கருவியை அணைத்துவிட்டுக் கட்டிலிலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது.

"ஒண்ணுமில்லடா தங்கம். அம்மா அடைச்சுட்டேன்."

போர்வையின் மேல் கையை வைத்தாள்.

போர்வை அமுங்கியது. உள்ளே தலையணை. தலையணை மட்டும்.

"குட்டி?"

தட்டும் சத்தம். கட்டிலுக்கடியில் இல்லை. குளியலறையில் இல்லை.

சுவரில். தாழ்வாக.

"அம்மா, திறக்கவே மாட்டேங்குது."

அவள் பாய்ந்தாள். தகடு. நகம். பல். அவளே குழைத்த பட்டி, அவளே காயவைத்த பட்டி, ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. சமையலறைக் கத்தியை எடுத்து வந்தாள். பக்கவாட்டில் துணியைக் கிழித்தாள். பின்னால் சுவர். வெறும் சுவர். தட்டும் சத்தம் மட்டும் கான்வாஸில்தான். "வந்துட்டேன், அம்மா வந்துட்டேன்." கீழ் மூலையைக் குத்தினாள். குத்தினாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது.

பழைய சாயம். கதவின் அடிப்பகுதி. மஞ்சள் கோடு.

கோட்டில் இரண்டு சின்ன நிழல்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒட்டி நிற்கிற இரண்டு பாதங்களின் நிழல்.

விரல் நுனியால் அவற்றைத் தொட்டாள். சாயம். தட்டையான, காய்ந்த சாயம்.

தட்டுவது நின்றது.

சின்ன நிழல்களுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு வந்து நின்றன. பெரியவை. அகலமானவை. கொஞ்ச நேரம் நான்கும் அசையாமல் நின்றன.

பிறகு நான்கும் சேர்ந்து திரும்பின.

அந்தப் பக்கம் யாரோ விளக்கை அணைத்தார்கள்.